பூச்சியத்தில் நின்ற ஊசி

காந்தத்தால் மின்சாரம் பிறப்பிக்கும் மின்காந்தத் தூண்டல் பற்றிய பரடேயின் விதியை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தேன். தோற்றது அதற்குப் பிறகுதான்.

மின்னிணைப்புத் தொழிலில் தேசிய தொழில் தகைமை மூன்றாம் மட்டத்துக்கான மதிப்பீடு அது. வந்திருந்த மதிப்பீட்டாளர் மேசையில் ஒரு செம்புக் கம்பிச் சுருளையும் அதனோடு இணைத்த கல்வனோமானியையும் (சிறு மின்னோட்டத்தையும் ஊசியால் காட்டும் மானி) வைத்தார். சட்டக் காந்தம் ஒன்றைச் சுருளுக்குள் செருகிவிட்டு, மானியின் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"காந்தம் உள்ளேதான் இருக்கிறது, தம்பி. ஊசி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்?"

"வலப் பக்கம், சேர்."

"எவ்வளவு?"

"அது காந்தத்தின் வலிமையைப் பொறுத்தது, சேர்." கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்ட நினைப்பு எனக்கு.

கையை எடுத்தார். ஊசி பூச்சியத்தில் நின்றது.

குழாய் பதித்தது, பலகையில் இணைப்புக் கொடுத்தது, எர்த் சோதித்தது எல்லாம் சரி. ஆனாலும் தாளில் 'இன்னும் தேர்ச்சி பெறவில்லை' என்று எழுதினார். கோபம் அவர்மேல் வரவில்லை. நான் படித்த இடத்தில் இந்தப் பாடத்தை ஒன்றரை நாளில் முடித்திருந்தார்கள். கரும்பலகையில் கைவிரல்களை வரைந்து, இது பிளெமிங்கின் வலக்கை விதி, இது இடக்கை விதி என்றார்கள். ஒரு காந்தத்தைக்கூட எங்கள் கையில் தரவில்லை. உதாரணத்துக்குச் சொன்னது சைக்கிள் தைனமோ. எங்கள் மலை ரோட்டில் சைக்கிள் மிதித்து ஏறுகிறவனை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஹட்டனிலிருந்து நோர்வூட் பஸ்ஸில் திரும்பும்போது காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணில் பட்டது. அந்தத் தண்ணீர் நோர்ட்டன் பிரிஜ்ஜில் விமலசுரேந்திர மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுற்றுகிறது. நிலையத்துக்குப் பெயர் தந்த பொறியியலாளர் விமலசுரேந்திர, இந்த மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே எழுதிவைத்தவர். அங்கே காந்தம் சுழல்கிறது, சுருள் நிற்கிறது. சுழலாத காந்தத்தில் மின்சாரம் வருமென்றால் அணை எதற்கு? இந்தக் கேள்வி காலையிலேயே தோன்றியிருந்தால் பஸ் காசு மிச்சமாகியிருக்கும்.

வீட்டில் செய்து பார்ப்பதென்று முடிவெடுத்தேன். எரிந்துபோன மின்விசிறி ஒன்றிலிருந்து கம்பியை உருவி, பிவிசி குழாய்த் துண்டில் முந்நூறு சுற்றுச் சுற்றினேன். இரு முனைகளையும் ஊசி மீட்டரில் மாட்டிக் காந்தத்தை உள்ளே விட்டேன். ஒன்றுமில்லை. வேகமாக விட்டேன். அதுவும் இல்லை. ஒரு மாலை முழுவதும் பரடேயைச் சந்தேகித்தேன். கம்பியின்மேல் இருந்த எனாமல் பூச்சைச் சுரண்டவில்லை என்பது மறுநாள் முகம் கழுவும்போதுதான் உறைத்தது. உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்ததும் செம்பு பளபளத்தது. காந்தம் உள்ளே போகும்போது ஊசி வலப்பக்கம் துள்ளியது; நின்றதும் பூச்சியம்; வெளியே இழுக்கும்போது இடப்பக்கம். மெதுவாக இழுத்தால் சோம்பலாக அசைந்தது, வெடுக்கென்று இழுத்தால் துள்ளியது. காந்தப் பாயம், அதாவது சுருளினூடே செல்லும் காந்தப் புலத்தின் அளவு, எவ்வளவு இருக்கிறது என்பது பேச்சே இல்லை. எவ்வளவு வேகமாக மாறுகிறது, எத்தனை சுற்றுக்குள்ளே மாறுகிறது என்பதுதான் கணக்கு.

தூண்டப்படும் மின்னோட்டத்தின் திசையைச் சொல்லும் லென்சின் விதிக்கு அக்கா மகனின் விளையாட்டுக் காரைக் கடன் வாங்கினேன். பற்றரியைக் கழற்றிவிட்டுத் தள்ளினால் ஓடியது. மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரையும் வெட்டி, மோட்டார்ப் பக்க முனைகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டுத் தள்ளினேன். பிரேக் போட்டதுபோல் இறுகியது. நான் தள்ளியதால் பிறந்த மின்னோட்டம் என் கையையே எதிர்க்கிறது. முறுக்கைப் பிரித்தால் மறுபடி ஓடுகிறது. 'தன்னைத் தோற்றுவித்த காரணத்தை எதிர்க்கும்' என்ற வரியை நான் நூறு தடவை எழுதியிருப்பேன். உள்ளங்கையில் பட்டது அன்றுதான்.

இதற்கிடையில் தோட்டத்து பெக்டரியில் பிட்டர் (இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்) அண்ணனுக்கு உதவியாளாகப் போய்க்கொண்டிருந்தேன். கொழுந்து வாட்டும் மாடியில் ஒரு விசிறி மோட்டாரின் கொன்டெக்டர் (பஸ்ஸில் டிக்கெட் தருகிறவர் அல்லர், சுருளின் காந்தம் இரும்பை இழுத்து மூடுவதால் மோட்டாரை இணைத்து, விட்டால் துண்டிக்கும் கருவி) வண்டுபோல் இரைந்துகொண்டிருந்தது. தொட்டால் சுட்டது. அண்ணன் மெயினை நிறுத்தி, மின்சாரம் இல்லையென்று சோதித்துவிட்டு அதைத் திறந்தார். இரும்பின் இரு முகங்களுக்கும் நடுவே தேயிலைத் தூசி கம்பளியாகப் படிந்திருந்தது.

"முழுசாக மூடவில்லை. இடைவெளி இருந்தால் சுருள் கூடுதலாக இழுக்கும், சூடாகும், கடைசியில் எரியும்" என்றார். பிறகு இரும்பு முகத்தின் ஓரத்தில் பதித்திருந்த சிறிய செம்பு வளையத்தை நகத்தால் தட்டி, "இது எதற்கு, சொல்லு பார்ப்போம்" என்றார்.

தெரியவில்லை. அவரே சொன்னார். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 தடவை போய்த் திரும்பும் ஆடலோட்டம். விநாடிக்கு 100 தடவை ஓட்டம் பூச்சியத்தைத் தொடும், அப்போதெல்லாம் இழுவையும் விடும். அந்த வளையத்தில் தூண்டப்படும் மின்னோட்டம் தன் பங்குப் பாயத்தைச் சற்றுப் பிந்த வைக்கிறது. ஒரு பகுதி கைவிடும் நேரத்தில் மற்றப் பகுதி பிடித்துக்கொண்டிருக்கும். வளையம் உடைந்தாலும் இதே இரைச்சல்தான் வரும். துடைத்து மூடினோம். இரைச்சல் நின்றது.

இரண்டாம் தடவை மதிப்பீட்டுக்குப் போனபோது வேறொருவர் இருந்தார். காந்தத்தையே தொடவில்லை. மின்சாரம் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றைக் காட்டி, 30 மில்லி அம்பியர் கசிவு அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். லைவும் நியூட்ரலும் ஒரே இரும்பு வளையத்துக்குள் போகின்றன. போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை ஒன்றின் பாயத்தை மற்றது அழித்துவிடும். கசிந்தால் மிச்சப் பாயம் மாறி மாறி அலைந்து வளையத்தில் சுற்றிய சிறு சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும், அது கொக்கியை விடுவிக்கும் என்றேன். 230 வோல்ட் ஆடலோட்டத்துக்கான கொன்டெக்டர்ச் சுருளுக்கு அதே அளவு நேரோட்டம் (ஒரே திசையில் மாறாமல் ஓடுவது) கொடுத்தால்? எரியும், சேர், மாறாத பாயம் எதிர்ப்புக் காட்டாது, கம்பியின் வெறும் தடை மட்டும்தான் மிஞ்சும். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தேர்ச்சி. சான்றிதழ் கைக்கு வரும்முன் மருமகன் வந்து நின்றான், கார் எங்கே என்று. வயரைப் பற்றவைத்துக் கொடுத்தேன். அவசரத்தில் இரண்டையும் மாற்றிப் பற்றவைத்திருக்கிறேன் போலிருக்கிறது. கார் இப்போது பின்பக்கமாக ஓடுகிறது. "மாமா பாஸ் பண்ணினது பொய்" என்று லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுவதும் சொல்லித் திரிகிறான்.