தறி நின்றது, வட்டி நிற்கவில்லை

"தறியெல்லாம் நின்னு போச்சுங்க மேடம். இந்த வட்டி மட்டும் எப்படிங்க ஓடுது?"

2020 ஏப்ரல் மாதக் கடைசியில், என் மேசைக்கு முன்னால் சுண்ணாம்பால் போட்டிருந்த வட்டத்துக்குள் இரண்டு காலையும் அடக்கமாக வைத்து நின்றுகொண்டு ஒருவர் இப்படிக் கேட்டார். பல்லடம் வட்டாரத்தில் எட்டு விசைத்தறிகள் வைத்து, ஜவுளி உற்பத்தியாளர் கொடுக்கும் பாவு நூலையும் ஊடை நூலையும் வாங்கி, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலிக்கு நெய்து கொடுப்பவர். எங்கள் வங்கிக் கிளையில் அவருக்கு ஏறக்குறைய 6 லட்சம் ரூபாய் கடன் பாக்கி இருந்தது. நான் அங்கே கிளை மேலாளர். கொரோனா பொதுமுடக்கம் சரியா தவறா, உயிர் பெரிதா பிழைப்பு பெரிதா என்று நாடு முழுக்க நடந்த விவாதத்தில் நான் படித்ததும் பேசியதும் ஏராளம். ஆனால் இந்தக் கேள்விக்கு அன்று சரியான பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஒப்பந்தம், விதி, ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை என்று ஏதோ சொல்லி அனுப்பி வைத்தேன்.

மார்ச் 24 ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசி, நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுவதும் முடக்கம் என்று அறிவித்தபோது நான் அதை மனமார ஆதரித்தேன். பரிசோதனைக் கருவிகளும் பாதுகாப்பு உடைகளும் போதுமான அளவில் இல்லாத நேரத்தில், மருத்துவமனைகள் தயாராவதற்குச் சில வாரங்கள் வேண்டும் என்ற வாதம் எனக்குச் சரியாகப் பட்டது. இன்றும் அதை மறுக்க எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த நான்கு மணி நேர அவகாசம் எவ்வளவு குறைவானது என்பது மறுநாள் காலை அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளைக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. ஏ.டி.எம். வாசலில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தறிகளிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை பார்த்த பையன்கள் வரிசையாக நின்று, கணக்கில் இருந்த கடைசி நூறு ரூபாய் வரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போக ரயில் கிடையாது. அவர்களுக்கான சிறப்பு ரயில்கள் மே 1 ஆம் தேதிதான் ஓடத் தொடங்கின.

வங்கி அத்தியாவசிய சேவை என்பதால் எங்களுக்கு விடுமுறை இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கி, உள்ளே ஒரு நேரத்தில் ஐந்து பேர், மதியம் 2 மணியோடு முடிப்பது என்று ஏற்பாடு. கூட்டம் ஓய்ந்த பிறகு கணக்கை முடித்துக்கொண்டே நாங்கள் பேசியதெல்லாம் இந்த விவாதம்தான். எங்கள் கடன் பிரிவு அதிகாரி சட்டம் படித்தவர். நடமாடும் உரிமையும் தொழில் செய்யும் உரிமையும் அரசியலமைப்பின் 19 ஆம் பிரிவில் இருக்கின்றன, நியாயமான கட்டுப்பாடு போடலாம்தான், ஆனால் நியாயம் எது என்று யாராவது கேட்டார்களா என்பார். பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமைக்குள் அடக்கம் என்று 1985 இல் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர் வாரத்துக்கு ஒரு முறையாவது எடுத்துப்போடுவார். பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளைக்காரன் 1897 இல் போட்ட சட்டத்தை வைத்துக்கொண்டு இந்தக் காலத்துக் குடிமகனைப் பூட்டி வைப்பது என்ன நியாயம் என்று கேட்பார். ஸ்வீடனைப் பாருங்கள், அங்கே கடைகள் திறந்திருக்கின்றன என்பதும் அவருடைய வாடிக்கை. ஸ்வீடன்காரனுக்கு வேலை போனாலும் அரசு படியளக்கும், நம்ம தறிக்காரருக்கு யார் அளப்பது என்று நான் ஒரு முறை கேட்டதற்கு, அதையேதான் நானும் சொல்கிறேன் என்றார். அது உண்மைதான், நான் அவருக்கு எதிராகச் சொல்ல நினைத்தது அவர் பக்கமே போய்ச் சேர்ந்துவிட்டது.

எதிர்த்தரப்பு எங்கள் தலைமைக் காசாளர். அவருடைய அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட முகங்களுக்கு எதிரே உட்கார்ந்து, எச்சில் தொட்டு எண்ணிய நோட்டுகளைக் கையில் வாங்கிவிட்டு, இரவு அந்த அம்மா இருக்கும் வீட்டுக்குள் நுழைய வேண்டியவர் அவர். "சார், வெளியே வர்றது அவங்க சுதந்திரம்னா, கவுன்டரை விட்டு எழுந்து போற சுதந்திரம் எனக்கு இருக்கா?" என்று கேட்டார். சட்டம் படித்தவர் அதற்குப் பதில் வைத்திருக்கவில்லை. தனிமனித சுதந்திரத்தைப் பற்றி நான் கேட்ட வாதங்களில் இது ஒன்றைத்தான் இன்னும் முழுதாக என்னால் தாண்டிப்போக முடியவில்லை. ஒருவர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் இடர் அவரோடு நிற்பதில்லை என்பதைத் தொற்றுநோய் காட்டிக்கொடுக்கிறது. அந்த இடர் வந்து சேரும் இடத்தில் இருப்பவர் பெரும்பாலும் எழுந்து போக முடியாத வேலையில் இருப்பவர்.

கட்டுப்பாட்டை விமர்சிப்பது ஒன்று, அதை நடத்திக்காட்டுவது வேறு. ஏப்ரல் முதல் வாரத்தில் ஜன் தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மத்திய அரசு 500 ரூபாய் போட்டது. கூட்டத்தைப் பிரிப்பதற்காகக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கப்படி தேதி கொடுத்தார்கள். 0, 1 என்று முடிந்தால் 3 ஆம் தேதி, 8, 9 என்று முடிந்தால் 9 ஆம் தேதி. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் உடனே எடுக்காவிட்டால் அரசு பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று ஒரு வதந்தி பரவிவிட்டதால், இலக்கமும் தேதியும் பார்க்காமல் எல்லாரும் விடியற்காலையிலேயே வந்து நின்றார்கள். ஒரு நாளைக்கு 120 டோக்கன், அதற்கு மேல் ஒருவரும் கிடையாது என்று நான்தான் முடிவு செய்தேன். ஒரு நாள் 120 டோக்கனும் தீர்ந்த பிறகு எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி வந்தார். பேருந்து இல்லாததால் ஏழு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார். அன்று அவருடைய தேதியேதான். ஒருவரை விட்டால் வெளியே நிற்கும் முப்பது பேரையும் விட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நாளைக்கு வாருங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. பாஸ்புக்கை முந்தானையில் முடிந்துகொண்டு, எதிரே இருந்த வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, காவலாளி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, வந்த வழியே நடந்தார். மறுநாள் வந்து வாங்கிக்கொண்டார் என்பதால் கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 28 கிலோமீட்டர் நடைக்கு 500 ரூபாய் என்று என் மனது போட்ட கணக்கு இன்னும் நேர் ஆகவில்லை. அன்றைக்கு நான் செய்தது சரியான விதியைச் சரியாக நடத்தியதுதான் என்பதுதான் இதில் எனக்கு உறுத்துவது.

விதியை நடத்துகிறவர் கையில் லத்தியும் இருந்தால் என்னவாகும் என்பதை அதே ஆண்டு ஜூனில் தமிழ்நாடு பார்த்தது. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி, ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் பிடித்துச் செல்லப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் காவலில் தாக்கப்பட்டு, 22, 23 ஆம் தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். போலீஸ் இன்னும் கெடுபிடியாக இருக்க வேண்டும் என்று அதுவரை சொல்லிவந்த எங்கள் காசாளர் அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எடுக்கவே இல்லை. கடன் அதிகாரியும் அன்றைக்கு வாதாடவில்லை.

இனி அந்த வட்டிக் கதைக்கு வருகிறேன். மார்ச் 27 ஆம் தேதி ரிசர்வ் வங்கி, மூன்று மாதத் தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. மே 22 ஆம் தேதி அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. மொரட்டோரியம் என்ற சொல் எங்கள் வாடிக்கையாளர்களிடையே தள்ளுபடி என்ற பொருளிலேயே பரவியது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. தவணை மட்டும்தான் தள்ளிப்போகிறது, வட்டி ஓடிக்கொண்டே இருந்து அசலில் ஏறும் என்பதை ஒவ்வொருவராக உட்காரவைத்துச் சொல்ல அந்த அரை ஷட்டர் நாள்களில் எங்களுக்கு நேரமும் இல்லை, உட்காரவைக்க நாற்காலியும் இல்லை.

தறிக்காரரின் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். 6 லட்சம் பாக்கி, 10 சதவீத வட்டி, இன்னும் அறுபது தவணை, மாதம் ஏறக்குறைய 12,750 ரூபாய். ஆறு மாதம் கட்டாமல் விட்டால் 30,600 ரூபாய் போல அசலில் ஏறிவிடும். தவணைத் தொகையை மாற்றாமல் வைத்தால் கடன் முடியும் நாள் ஆறு மாதம் அல்ல, பத்து மாதம் தள்ளிப்போகும். நான் கணினியில் கணக்குப் போட்டுக் காட்டியபோது அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "நாலு மாசம் யாருக்குங்க உழைக்கிறது?" என்று கேட்டார்.

யாருக்கு என்ற அந்தக் கேள்விதான் இந்த விவாதம் முழுவதுக்கும் நடுவில் இருப்பது என்று எனக்குப் பட்டது. வங்கிக் கணக்கியலில் ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் பற்று வைத்தே ஆக வேண்டும். முடக்கத்தால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் வரவு என்றால், அந்தப் பற்று யார் கணக்கில் எழுதப்பட்டது? மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் என் கணக்கில் இல்லை. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 23.9 சதவீதம் சரிந்தது என்று ஆகஸ்ட் மாத இறுதியில் செய்தி வந்தபோது, என் வீட்டு வரவு செலவில் அது பெட்ரோல் செலவு குறைந்ததாகத்தான் தெரிந்தது. முடக்கம் நீளட்டும் என்று என்னைப் போன்றவர்கள் உறுதியாகச் சொல்ல முடிந்ததில் இந்த வசதிக்கும் பங்கு உண்டு.

வட்டியை அடியோடு தள்ளுபடி செய்யலாமே என்ற கோரிக்கை உச்ச நீதிமன்றம் வரை போனது. எல்லாக் கடனுக்கும் ஆறு மாத வட்டியை விட்டுக்கொடுத்தால் 6 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் ஆகும் என்று அரசு தரப்பில் சொல்லப்பட்டது. அதில் பொய் இல்லை. கடன் வாங்கியவர் கட்டும் வட்டியிலிருந்துதான் டெபாசிட் போட்டவருக்கு வட்டி போகிறது. எங்கள் கிளையிலேயே ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை இருந்தார். ஓய்வுக்காலப் பணத்தை டெபாசிட்டில் போட்டு, அதன் வட்டியில் மருந்து வாங்குபவர். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 5.15 இலிருந்து மார்ச்சில் 4.4 ஆகவும் மே மாதத்தில் 4 ஆகவும் இறங்கியபோது, தவணைக்காரர்களுக்காக எல்லாரும் பரிந்து பேசினார்கள். டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்து, புதிய விகிதத்தைக் கேட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போன அந்த அம்மாவுக்காகப் பேச ஆளில்லை. அவரும் பொதுமுடக்கத்துக்குப் பணம் கட்டியவர்தான்.

கடைசியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு வட்டியின் மேல் ஏறிய வட்டியை மட்டும் அரசு ஏற்றுக்கொண்டு, நவம்பர் 5 ஆம் தேதிக்குள் கணக்கில் வரவு வைக்கச் சொன்னது. தறிக்காரருக்கு வந்தது 630 ரூபாய்க்குச் சற்று முன்பின். அவர் பாஸ்புக்கைப் பதிந்து வாங்கி, அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானுங்களா டில்லியில அத்தனை வக்கீலுங்க?" என்றார்.

அவருக்கு நாங்கள் செய்த இன்னொரு உதவியும் கடன்தான். பிப்ரவரி 29 அன்று இருந்த பாக்கியில் 20 சதவீதத்தை, ஜாமீன் கேட்காமல், அரசின் உத்தரவாதத்தில் கொடுக்கும் திட்டம் மே மாதம் வந்தது. அவருக்கு 1,20,000 ரூபாய் கிடைத்தது. மே மாதத்தில் தறி ஓட்ட அனுமதி வந்துவிட்டது. ஆனால் நூல் வரவில்லை, துணியை எடுக்கும் வடமாநிலச் சந்தைகள் திறக்கவில்லை. ஓடாத தறிக்கு வாங்கிய கடன் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போனது. திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் பலர் கந்துவட்டிக்குப் போயிருப்பார்கள். ஆனாலும், அரசு ஆணையால் நின்ற தொழிலுக்கு ஈடாக அரசு கொடுத்தது பெரும்பாலும் கடனாகவே இருந்தது என்பதைக் கடன் கொடுத்தவளாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முடக்கத்தின் விலையைப் பார்க்க வேண்டுமானால் அந்த ஆண்டு எங்கள் நகைக் கடன் கவுன்டரில் ஒரு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் தங்கம் சவரன் 43,000 ரூபாயைத் தாண்டியது. அதே மாதம் ரிசர்வ் வங்கி, நகை மதிப்பில் 75 சதவீதம் என்றிருந்த கடன் வரம்பை 90 ஆக்கியது. மதிப்பீட்டாளர் கிருமிநாசினியால் நகையைத் துடைத்து, உரைகல்லில் இழைத்து, அமிலம் விட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். எதிரே மஞ்சள் கயிறு மட்டும் கழுத்தில் தெரிய ஒரு பெண் நிற்பார். ஒரே நாளில் இப்படி ஏழெட்டுத் தாலிக்கொடிகள்.

2021 மே 10 ஆம் தேதி இரண்டாம் அலைக்கான முழுமுடக்கம் தொடங்கியபோது எங்கள் கிளையில் யாரும் விவாதிக்கவில்லை. ஆக்சிஜன் படுக்கைக்கு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற காட்சி எல்லார் கண்ணிலும் இருந்தது. இந்த முறை காய்கறி வண்டி தெருவுக்கு வந்தது, அரிசி அட்டைக்கு 2,000 ரூபாய் ரேஷன் கடையில் கையில் கொடுத்தார்கள். கடன் அதிகாரிக்கே தொற்று வந்து பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்து மீண்டார். மனம் மாறியிருப்பார் என்று நினைத்தோம். வந்த முதல் நாளே, மூச்சு வாங்க வாங்க, "இப்பவும் சொல்றேன், காசு கொடுத்துட்டுப் பூட்டுங்க" என்று தொடங்கினார். காசாளர் அவருக்கு ஒரு நாற்காலியை ஆறடி தள்ளிப் போட்டார்.

அந்த மாதக் கடைசியில் தறிக்காரரை நானே தொலைபேசியில் அழைத்தேன். சிறு கடன்களை மறுசீரமைக்க ரிசர்வ் வங்கி மறுபடியும் வழி கொடுத்திருந்தது. தவணையைத் தள்ளி வைக்கலாம், எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். "வேண்டாமுங்க மேடம், தள்ளி வெச்சது போதும்" என்றார். மறுநாள் காலை 10 மணிக்கு நகைக் கடன் கவுன்டரில் மனைவியோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டு வளையல். எடை போட்டு, தொகையை வாங்கி, அப்படியே பக்கத்துக் கவுன்டரில் தவணையாகக் கட்டிவிட்டு, ரசீதில் முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.