தண்ணீர்ப்பள்ளியில் அம்மாவின் நேர்ச்சை

2023 குறுவையை எங்கள் பக்கம் யாரும் லேசில் மறக்க மாட்டார்கள். ஜூன் 12 அன்று வழக்கம்போல மேட்டூரைத் திறந்தார்கள். போகப் போகத் தண்ணீர் குறைந்து, அக்டோபரில் அணையையே மூடிவிட்டார்கள். எங்கள் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த அந்த நாட்களில்தான் அம்மா நேர்ந்துகொண்டிருக்கிறார். மேட்டூர் நிரம்பினால் தண்ணீர்ப்பள்ளியில் இருக்கும் சாந்திவனம் என்ற கிறிஸ்தவ ஆசிரமத்துக்குப் போய் ஒரு வேளை தியானத்தில் உட்காருவது, பீடத்தில் ஒரு படி விதைநெல் வைப்பது. எங்கள் வீட்டில் நேர்ச்சை என்றாலே வேளாங்கண்ணிதான். இதென்ன புதுசா என்று கேட்டேன்.

"மாதாகிட்ட எல்லாத்தையும்தான் கேக்குறோம். இது தண்ணி விஷயம்டா. காவேரிக் கரையில போய் உக்காந்தாத்தான் சரியா வரும்" என்றார்.

அம்மாவுக்கு அந்த இடம் புதிதில்லை. கல்யாணத்துக்கு முன்னால், பங்கிலிருந்து கூட்டிப் போனபோது அங்கே காவி கட்டிய வெள்ளைக்காரச் சாமியாரைப் பார்த்திருக்கிறார். பீட் கிரிஃபித்ஸ். பிரான்சிலிருந்து வந்த மோன்சானின் சாமியாரும், பின்னாளில் அபிஷிக்தானந்தர் என்று பெயர் வாங்கிய லெ சோ சாமியாரும் 1950-இல் தொடங்கிய ஆசிரமம் அது. 1968-இல் பீட் சாமியார் வந்து பொறுப்பெடுத்து, 1993-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவர் என்ன பிரசங்கம் செய்தார் என்பது அம்மாவுக்கு ஞாபகமில்லை. "தரையில உக்காந்திருந்தாரு. நாங்க போனோம், சிரிச்சாரு" என்பதைத்தான் இத்தனை வருடமாகச் சொல்கிறார்.

2024 ஜூலை 30. மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டது என்று மாலைச் செய்தியில் சொன்னார்கள். விடிகாலையிலிருந்தே அதே தொலைக்காட்சியில் வயநாட்டு நிலச்சரிவு ஓடிக்கொண்டிருந்தது. முண்டக்கை, சூரல்மலை. வீடு இருந்த இடமெல்லாம் சேறும் பாறையும். ஒரு ஓரத்தில் நிரம்பிய அணை, மறு ஓரத்தில் மண்ணுக்குள் தேடும் ஆட்கள். வயநாட்டு மலைகளில் கொட்டுகிற மழை ஒரு பக்கம் கபினியாக இறங்கி காவிரியில் சேர்ந்து மேட்டூருக்கு வருகிறது. இன்னொரு பக்கம் சாலியாறாக மேற்கே ஓடுகிறது. இங்கே அணை நிரம்பியதும், அங்கே ஊர் போனதும் ஒரே பருவமழையில். வயநாட்டில் அன்று பெய்த மழை சுமார் 10 சதவீதம் கூடுதலாகக் கொட்டியதற்குப் புவி வெப்பமானதுதான் காரணம் என்று விஞ்ஞானிகள் பிறகு கணக்கிட்டுச் சொன்னார்கள். அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. அன்று செவ்வாய்க்கிழமை, துக்கத் தேவ ரகசியம் சொல்லும் நாள். செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சனிக்கிழமை போயிரலாம்" என்றார்.

சனிக்கிழமை ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு. வேறு நாள் பார்க்கலாம் என்றால் கேட்கவில்லை.

திருச்சியிலிருந்து கரூர் போகும் பேருந்தில் ஏறியதைப் பற்றி எழுதவே அலுப்பாக இருக்கிறது. நிற்க இடமில்லை. முளைப்பாரிச் சட்டியை மடியில் வைத்த பெண்கள், தேங்காய்ப் பை, அழும் பிள்ளைகள். தண்ணீர்ப்பள்ளியில் நிற்காது என்று நடத்துநர் ஒரே பிடியாகச் சொல்லி, குளித்தலையில்தான் இறக்கிவிட்டார். அங்கே ஆட்டோக்காரர் அம்மாவின் முழங்காலைப் பார்த்ததும் இருநூறு என்றார். கூப்பிடு தூரத்துக்கு இருநூறா என்றால், "ஆத்துல தண்ணி வர்றப்பதாண்ணே எங்களுக்கும் பொழப்பு" என்கிறார். கொடுத்தேன். ஏறுவதற்குள் காதோலை கருகமணி, பூ, மஞ்சள் கயிறு எல்லாம் போட்ட பிளாஸ்டிக் பையை அம்மா கையில் ஒருவர் திணித்துவிட்டுக் காசுக்கு நின்றார். நாங்க வேதக்காரங்க என்று அம்மா சொல்லியும், "ஆறு எல்லாருக்கும்தானம்மா" என்று விடவில்லை. பேச்சு நல்லாத்தான் இருந்தது. அந்தப் பிளாஸ்டிக் எல்லாம் கடைசியில் எங்கே போகும் என்று நினைத்தால்தான் எரிச்சல் வந்தது.

ஆசிரமத்துக்குள் நுழைந்ததும் சத்தம் வெளியிலேயே நின்றுவிட்டது. கோபுரம், மரநிழல், இருட்டான சின்னக் கருவறை. மதியச் செபத்தில் குங்குமம் கொடுத்தார்கள். அம்மா கூசாமல் நெற்றியில் இட்டுக்கொண்டார். நம் ஆட்களிலேயே இதற்கு முகம் சுளிப்பவர்கள் உண்டு, அவர்களோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. பீட் சாமியாரின் கல்லறைக்கு அம்மா தானாகவே நடந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். கல்லைத் தொட்டு, தரையில் உதிர்ந்து கிடந்த சருகைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார்.

மாலைத் தியானத்தை ஆற்று மணலில் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. மணலே இல்லை. இந்தக் கரை தொட்டு அந்தக் கரை முசிறி வரைக்கும் செம்மண் நிறத்தில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. கரையில் தடுப்புக் கட்டிக் காவலர்கள் நின்றார்கள். முந்தின கோடையில் பேருந்துப் பாலத்திலிருந்து பார்த்தபோது அதே ஆற்றுக்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வந்தால் இப்படி, வராவிட்டால் அப்படி. "ரெண்டு நிமிசம் உக்காந்துட்டு வந்துர்றேன்யா" என்று அம்மா ஒரு காவலரிடம் கேட்டுப் பார்த்தார். அவர் பாவம், காலையிலிருந்து ஆயிரம் பேருக்கு அதே பதிலைச் சொல்லிச் சலித்திருந்தார். திரும்பி வந்து கூடத்திலேயே உட்கார்ந்தோம். அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டுத் தந்தார்கள். நான் தரையில்.

முறை ரொம்பச் சுலபம். முதுகை நிமிர்த்தி அசையாமல் உட்கார வேண்டும். 'ஆண்டவரே வாரும்' என்று பொருள்படும் மாரனாதா என்ற ஒரே சொல்லை நான்கு அசையாக, ஒரே சீராக உள்ளுக்குள் சொல்ல வேண்டும். காலை அரைமணி, மாலை அரைமணி. பெனடிக்டின் துறவி ஜான் மெயின் சொல்லிக்கொடுத்த முறை இது. துறவியாவதற்கு முன் கோலாலம்பூரில் வேலை பார்த்தபோது சுவாமி சத்தியானந்தரிடம் இப்படி உட்காரக் கற்றவர் அவர். பழைய பாலைவனத் துறவிகளிடமும் இதே வழி இருந்ததைப் பின்னால் கண்டுகொண்டார். 1991-இல் அமெரிக்காவில் பீட் சாமியார் அவர் நினைவாக நடத்திய கருத்தரங்கில்தான் கிறிஸ்தவ தியானத்துக்கான உலகக் குழுமம் பிறந்தது. அவ்வளவு பெரிய இயக்கத்துக்கும் இந்தக் காவிரிக் கரைக்கும் இப்படி ஒரு தொடர்பு. எனக்கு இதை அங்கே வந்திருந்த கேரளத்துக் கன்னியர் ஒருவர் சொன்னார். வயநாட்டுப் பக்கத்துக்காரர். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மணி அடித்தது.

நன்றி சொல்லத்தான் வந்திருந்தோம். அணை நிரம்பிவிட்டது, நேர்ச்சை பலித்துவிட்டது. முறைப்படி "ஆண்டவரே, மழை தந்தீரே நன்றி" என்று தொடங்க வேண்டும். அந்த மழையைச் சொன்னால் முண்டக்கை வந்து நிற்கிறது. அந்தக் கன்னியர் இரண்டு கை தூரத்தில் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில் இருந்துகொண்டு எதற்கென்று நன்றி சொல்வது? சரி, இரக்கம் கேட்கலாம் என்றால், மழை வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டதும் நாங்கள்தானே. சொல்ல வந்த ஒவ்வொரு வார்த்தையும் பாதியிலேயே திரும்பிப் போனது. மா-ர-னா-தா மட்டும் நின்றது. வெளியே ஆறு இரைந்துகொண்டே இருந்தது. அது நின்றால் தேவலை என்று ஒரு கட்டத்தில் தோன்றியது. பிறகு அதுவும் தோன்றவில்லை.

படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவிக்கிறது என்று பவுலடியார் ரோமையருக்கு எழுதிய எட்டாம் அதிகாரத்தைப் பூசையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எப்படிச் செபிப்பது என்று நமக்குத் தெரியாதபோது, சொல்லில் அடங்காத பெருமூச்சாக ஆவியானவரே பரிந்து பேசுகிறார் என்று சில வசனங்கள் தள்ளி வரும். இரண்டும் ஒரே பேச்சின் தொடர்ச்சி என்பது அந்த அரைமணியில்தான் எனக்கு உறைத்தது.

ஒரு தடவை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தேன், தப்புத்தான். மடியில் விதைநெல் பையைப் பிரித்து வைத்திருந்தார். வலது கையை நெல்லுக்குள் மணிக்கட்டு வரை விட்டிருந்தார். உதடு அசையவில்லை. செபமாலை சொல்லும்போதுகூட அம்மாவின் உதட்டை நான் சும்மா பார்த்ததில்லை. மணி அடித்துக் கையை எடுத்தபோது உள்ளங்கை வேர்வையில் நெல்மணிகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாகத் தட்டிப் பையிலேயே போட்டுவிட்டு, பீடத்தில் கொண்டுபோய் வைத்தார். "ஒண்ணும் கேக்கலடா" என்றார் என்னிடம், ஏதோ புகார் சொல்வதுபோல. "கேக்கத் தோணவே இல்ல."

உலகம் கொதிக்கிறது, இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேலி செய்பவர்களை எனக்குத் தெரியும். செபம் செய்தால் போதும், புயலும் வராது வறட்சியும் வராது என்பவர்களையும் தெரியும். இவர்கள்தான் எனக்கு ரொம்ப ஆகாது. தியானத்தில் உட்கார்ந்தால் ஒரு சொட்டு மழை கூடவோ குறையவோ போவதில்லை. ஆனால் என் செபப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் என்ன இருக்கிறது? எனக்கு ஏசி வேண்டும், வண்டிக்குப் பெட்ரோல் வேண்டும், வயலுக்கு மட்டும் பருவம் தவறாமல் அளவோடு மழை வேண்டும். 2015-இல் போப் பிரான்சிஸ் விடுத்த இறைவா உமக்கே புகழ் என்ற சுற்றுமடல், கொஞ்சத்தில் நிறைவு காண்பதையும், ஒவ்வொன்றின் முன்னும் நிதானமாக நிற்பதையும் பற்றிப் பேசுகிறது. பங்கில் அதைப் படித்து மரக்கன்று நட்டோம், நல்லதுதான். கேட்பதை நிறுத்திவிட்டு அரைமணி உட்காருவது மரக்கன்று நடுவதைவிடக் கஷ்டம். முழங்கால் வலி தனி.

இரவுச் செபத்தில் மாணிக்கவாசகர் பாட்டு ஒன்றைப் பாடினார்கள், ஆராத்தி காட்டினார்கள், திருநீறு கொடுத்தார்கள். எதற்குப் பிறகு எது என்று வரிசையாகச் சொல்ல இப்போது வரவில்லை. அப்பா, எத்தனை நன்றி! உட்கார இடம் கொடுத்தவர்களுக்கு, நாற்காலி தூக்கி வந்த பையனுக்கு, அம்மாவின் காலுக்கு, போகும்போது அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நின்ற அந்தக் கன்னியருக்கு. உள்ளே வராத நன்றியெல்லாம் வெளியே வந்ததும் மடை திறந்துகொண்டது. அவர் ஊருக்காகவும் அப்போதுதான் அழ முடிந்தது.

திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் ஒரே பேச்சு, உபரித் தண்ணீர் முழுக்கக் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போகிறது, கடைமடைக்கு இன்னும் ஒரு வாய்க்காலில்கூட வரவில்லை என்று. நானும் சேர்ந்து புலம்பினேன். அம்மா கேட்டுக்கொண்டே வந்தார்.

"அவரு குடுத்துட்டாரு. தூர் வாராத வாய்க்காலுக்கு அவரு என்னடா பண்ணுவாரு?"

அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி, சம்பா நல்லபடியாகக் கைக்கு வந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்.

"உன் காலுக்கு நடக்க முடியுமாம்மா?"

"நான் எங்க நடக்குறேன்? உன் பேரச் சொல்லித்தான் நேர்ந்திருக்கேன்."