இண்டென்ட்டிலிருந்து பேமென்ட் வரை: எங்கள் பர்ச்சேஸை ஆன்லைனுக்கு மாற்றிய அனுபவம்

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். இண்டென்ட் (சாமான் வேண்டும் என்று கேட்கும் சீட்டு) போடுவதில் தொடங்கி சப்ளையருக்குப் பணம் போய்ச் சேருவது வரை எல்லாவற்றையும் ஆன்லைனுக்கு மாற்றியிருக்கிறோம். இதில் இறங்க நினைப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது எந்த சாஃப்ட்வேர் நல்லது என்பதைத்தான். அது அப்புறம். முதலில் உங்கள் ஐட்டம் மாஸ்டரை, அதாவது வாங்குகிற சாமான்களின் பட்டியலை, திறந்து பாருங்கள்.

எங்களுடையதில் 6205 பேரிங் மட்டுமே பல பெயர்களில் இருந்தது. ஒருவர் 'பால் பேரிங் 6205' என்று ஏற்றியிருக்கிறார், இன்னொருவர் பிராண்ட் பெயரோடு, வேறொருவர் நம்பரே இல்லாமல் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர் என்று அளவை மட்டும் போட்டிருக்கிறார். ரப்பர் சீல் உள்ளதா, இரும்புத் தகடு ஷீல்டு உள்ளதா என்று பாதி இடத்தில் குறிப்பே இல்லை. தண்ணீர் தெறிக்கும் இடத்தில் ஷீல்டு பேரிங் போட்டால் சீக்கிரமே சத்தம் கொடுக்க ஆரம்பித்துவிடும். இத்தனை காலம் தப்பு நடக்காததற்குக் காரணம் எங்கள் ஸ்டோர்ஸ் அண்ணன். எந்த மெஷினுக்கு எது என்று அவருக்கு மனப்பாடம், இண்டென்ட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரியானதைத்தான் வரவழைப்பார். கணினி எழுதியதை அப்படியே ஆர்டர் போட்டுவிடும். அதனால் அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஐட்டமாகச் சரிசெய்தோம்: ஒரே பெயர், ஒரே யூனிட், சரியான எச்எஸ்என் கோடு (ஜிஎஸ்டிக்கான பொருள் வகை எண்). யூனிட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வெல்டிங் ராடை நாங்கள் பாக்கெட்டில் கேட்போம், பில் கிலோவில் வரும், அங்கேயே எல்லாம் நின்றுவிடும். மொத்த வேலையில் பெரும்பங்கு நேரம் இதற்குத்தான் போனது.

ஆரம்பத்தில் எடுத்துக்கொண்டது பேரிங், கையுறை, கட்டிங் இன்சர்ட், ஆயில், ஸ்டேஷனரி மாதிரியான சில்லறைச் சாமான்களை மட்டும். ஒவ்வொன்றும் சின்னத் தொகை, ஆனால் மூன்று கொட்டேஷன், கம்பேரிசன் ஷீட், கையெழுத்து என்று பெரிய மோட்டாருக்கு ஆகிற அதே அலைச்சல். இப்போது வருடத்துக்கு ஒருமுறை விலை பேசி கேட்டலாகில் ஏற்றிவிடுகிறோம். ஃபோர்மேன் அதில் தேர்ந்தெடுத்தால், அவருடைய வரம்புக்குள் இருக்கிற தொகைக்கு பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) தானாகவே சப்ளையருக்குப் போய்விடும். வரம்பைத் தாண்டினால் ஜிஎம் போனிலேயே அப்ரூவ் செய்வார்.

சப்ளையர்களைக் கொண்டுவருவதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. "தம்பி, போன்ல சொன்னா அனுப்பிட்டுப் போறனுங்க, இதெல்லாம் எதுக்குங்க?" என்று பல வருடமாகச் சாமான் கொடுக்கும் ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சின்னக் கடைக்காரரிடம் போய் லாகின், பாஸ்வேர்டு, பத்துப் பக்க ஃபார்ம் என்று நீட்டக் கூடாது. அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் போகும். அதைத் தொட்டு பிஓவை ஒப்புக்கொண்டு, பில்லைப் படம் பிடித்து ஏற்றினால் போதும் என்று மாற்றச் சொன்னோம். சாஃப்ட்வேர்காரர்கள் முதலில் மறுத்தார்கள், நாங்களும் விடவில்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதிவாகும் பில்) கட்டாயம் என்பதால் அவர்கள் பில்லில் கியூஆர் கோடு இருக்கும், ஸ்கேன் செய்தாலே முக்கிய விவரங்கள் வந்துவிடும். அதற்குக் கீழே உள்ளவர்கள் பில்லை ஆள் பார்த்துத்தான் சரிபார்க்கிறோம்.

பிஓ, ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததைப் பதியும் சீட்டு), பில் மூன்றையும் கணினியே ஒப்பிடுகிறது. விலையில் ஒரு ரூபாய் வித்தியாசம் என்றாலும் நிறுத்திவைக்கும். ஆயில் மாதிரி அளந்து வருகிற சரக்கின் அளவில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மூன்றும் பொருந்தினால் பில் நேராக பேமென்ட் வரிசைக்குப் போகிறது. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு வந்ததற்குப் பிறகு இது அக்கவுண்ட்ஸுக்கு அவசியமாகிவிட்டது. குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால், கொடுக்கிற வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். அதனால் சப்ளையர் பட்டியலான வெண்டர் மாஸ்டரில், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு எண்ணான உத்யம் நம்பரைக் கேட்டு வாங்குங்கள், அவர் உற்பத்தியாளரா வியாபாரியா என்பதையும் சேர்த்தே பதியுங்கள், ஏனென்றால் உத்யம் பதிவு இருந்தாலும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. எங்கள் கம்பெனியில் இரண்டு தரப்புக்கும் ஒரே கெடுதான் வைத்திருக்கிறோம், அதற்காக நான் ரொம்பவே வாதாடினேன்.

கணபதி, பீளமேடு பக்கம் உள்ள, டிராயிங் கொடுத்தால் அதன்படி வேலை செய்துதரும் ஜாப் ஒர்க் பட்டறைகளை இன்னும் இதற்குள் கொண்டுவரவில்லை. டிராயிங் ரிவிஷன் மாறிக்கொண்டே இருக்கும் வேலை அது, நேரில் பேசித்தான் முடிக்க வேண்டும். அவர்களுக்கு, போட்டி போட்டு விலையைக் குறைக்கவைக்கும் ஏலமான ரிவர்ஸ் ஆக்‌ஷன் வைத்து விலையை இறக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர்கள் பில்லையும் பேமென்ட்டையும் மட்டும் இந்த வருடம் ஆன்லைனுக்கு மாற்றப்போகிறோம்.