கடிதத்தைக் கொண்டுபோனவன்

1993இல் நான் உயர்தர வகுப்பில் இருந்தேன். போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போய் மூன்று வருடம். ஜாம் போத்தல் விளக்கில் படித்துவிட்டு வரும் எங்களுக்குக் கிறிஸ்தவ நாகரிகம் படிப்பித்த சேர், ஒரு நாள் பைபிளின் பிலேமோன் நிருபத்தை எடுத்தார். ஒநேசிமு என்ற அடிமையை ஏற்றுக்கொள்ளும்படி, அவனுடைய எசமான் பிலேமோனுக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதம் அது. மொத்தம் 25 வசனம். பவுலின் பெயரில் உள்ள நிருபங்களில் இதுவே சிறியது. வாசிக்க மூன்று நிமிடம் போதும். சேர் அதில் மூன்று கிழமை நின்றார்.

அவருடைய முதல் கேள்வி: “பிள்ளையள், உந்தக் கடிதத்தை ஆர் கொண்டுபோய்க் குடுத்தது?”

அந்த நாளில் இந்தக் கேள்வி எங்களுக்கு உடனே பிடிபட்டது. கொழும்பிலிருந்து வரும் கடிதம் கிளாலிக் கடலேரியைக் கடந்த யாரோ ஒருவரின் கையில்தான் வரும். அவரை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அவர் முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் உறையைப் பிரிப்போம்.

கொலோசெ என்ற ஊரின் சபைக்கு எழுதப்பட்ட கொலோசெயர் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார். அதைப் பவுலே எழுதினாரா என்பதில் ஆய்வாளரிடையே பிணக்கு உண்டு என்பதையும் மறைக்கவில்லை. பவுலின் உதவியாளன் தீகிக்குவோடு ஒநேசிமுவும் வருகிறான், அவன் உங்களில் ஒருவன் என்று அங்கே இருக்கிறது. அப்படியானால் யாருக்காக மன்றாடி எழுதப்பட்டதோ அந்த அடிமையே, கடிதம் வாசிக்கப்படும்போது அந்த வீட்டில் நின்றிருப்பான். கேட்டது பிலேமோன் மட்டுமா? அப்பியாள், அர்க்கிப்பு, வீட்டில் கூடும் சபை என்று எல்லோருக்கும் முதலிலேயே வாழ்த்துச் சொல்லியிருக்கிறார் பவுல். கோயில் கட்டடம் இல்லாத காலம். வீட்டுக்காரரின் கூடமே சபை. “தனிக் கடிதம் எண்டு நினையாதேங்கோ. எசமான் எல்லாருக்கும் முன்னால மறுமொழி சொல்லவேணும்” என்றார் சேர்.

ஒநேசிமு என்றால் பயனுள்ளவன். அடிமைகளுக்கு எசமானர் வைக்கும் பெயர்களில் ஒன்று. முன்னே பிரயோஜனமில்லாதவன், இப்போது உமக்கும் எனக்கும் பிரயோஜனமுள்ளவன் என்று பவுல் எழுதுவது அந்தப் பெயரின் மேல்தான். அவன் ஓடிப்போனான் என்றுதான் நாங்கள் ஞாயிறு பாடசாலையில் கேட்டிருந்தோம். கடிதத்தில் ஓடினான் என்ற சொல்லே இல்லை, பிரிந்துபோனான் என்றுதான் இருக்கிறது. கோபமாயிருக்கும் எசமானிடம் தனக்காகப் பேச அவருடைய நண்பரைத் தேடிப் போனவன் ஓடிப்போனவன் ஆகான் என்று ரோமச் சட்ட அறிஞர் சிலர் கருதினர். ஓடினவனுக்கு என்ன நடக்கும் என்பதையும் சேர் சொன்னார். கி.மு. 2ஆம் நூற்றாண்டு எகிப்தியப் பப்பிரசு ஒன்றில், அலெக்சாந்திரியாவில் தப்பிய 18 வயதளவான அடிமையின் மச்சம், தழும்பு, மணிக்கட்டில் குத்திய பச்சை எல்லாம் எழுதி, பிடித்துத் தருபவருக்குச் சன்மானமும் குறித்திருக்கிறது.

பிறகு ரோமப் பிரபு பிளினியின் கடிதத்தை வாசித்தார். கோபமாயிருக்கும் நண்பர் சபினியானுசிடம், அவர் விடுதலை செய்த அடிமை ஒருவனை மன்னிக்கும்படி எழுதியது. அழுதான், உண்மையாய் வருந்துகிறான் என்கிறார் பிளினி. இனிமேல் உனக்காகக் கேட்கமாட்டேன் என்று அவனை வெருட்டியதையும் சேர்த்துச் சொல்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் பவுல் ஒநேசிமுவை என் மகன் என்கிறார். என்னை ஏற்பதுபோல் அவனை ஏற்றுக்கொள்ளும் என்கிறார். அவன் பட்ட கடனை நானே தீர்ப்பேன் என்று கடன்சீட்டு எழுதுவதுபோல் தன் சொந்தக் கையால் எழுதுகிறார். கடைசியில், எனக்கு இருப்பிடம் ஆயத்தம்பண்ணும் என்கிறார். “வந்து பாப்பன் எண்டு சொல்லுறார், விளங்குதோ?” என்று சேர் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறியலில் இருக்கும் மனிதன் அல்லவா இதை எழுதுகிறான்!

ஆனாலும் அவனை விடுதலை செய் என்று பவுல் எங்கும் வெளிப்படையாக எழுதவில்லை. அடிமையாக அல்ல, அதற்கு மேலாகப் பிரியமுள்ள சகோதரனாக என்பதோடு நிறுத்திவிடுகிறார். அந்த மௌனத்தைச் சேர் பூசி மெழுகவில்லை. அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் ஒரு போதகர் இதே நிருபத்தை வைத்து, ஓடுவது பாவம் என்று அடிமைகளுக்குப் பிரசங்கித்தபோது, கேட்டிருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். 1833இல் அந்தப் போதகரே எழுதிவைத்த செய்தி இது. அதைச் சொல்லிவிட்டுச் சேர் எங்கள் ஊர்க் கதைக்கு வந்தார். 1707இல் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. இலங்கையில் சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது 1844இல். அன்றைக்கு வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எவருடைய பாட்டன் எந்தப் பக்கம் நின்றார் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல.

2011இல் துருக்கிக்குப் போனபோது கொலோசெயைத் தேடிப் போனேன். தெனிஸ்லி நகரத்துக்குக் கிழக்கே, ஹொனாஸ் மலையடியில், அப்போது அகழப்படாதிருந்த ஒரு மேடு. ஒருகாலத்தில் கருஞ்சிவப்புக் கம்பளி நூலுக்குப் பேர்போன ஊர். புல்லும் ஓட்டுத் துண்டுகளும்தான் கண்ணில் பட்டன. ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு, அன்றிரவே விடுதியிலிருந்து சேருக்குப் போன் எடுத்தேன். மேட்டைப் பற்றி எல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு மெல்லக் கேட்டார்: “தம்பி, அவன் வந்து நிண்ட வாசல் எந்தப் பக்கமாய் இருந்திருக்கும்?”