இரண்டு ஓடுகளுக்கு நடுவே 463 படிகள்

ஃபிளாரன்ஸுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அந்தச் செங்கல் நிறக் குவிமாடத்தைக் கீழே இருந்து நாலு படம் எடுத்துக்கொண்டு, உஃபிஸி அருங்காட்சியக வரிசையில் போய் நின்றுவிடுகிறார்கள். கையில் ஒரே நாள் இருந்தாலும் அந்த நாளைக் குவிமாடத்துக்கே கொடுக்கலாம் என்பது என் கட்சி. உஃபிஸி ஓவியங்களுக்கு நல்ல அச்சுப் பிரதிகள் கிடைக்கின்றன. சாந்தா மரியா தெல் ஃபியோரே பேராலயத்தின் குவிமாடத்துக்குள் ஏறும் வழியை எந்தப் படமும் காட்டாது. ஏறுகிறவர் அந்தக் கட்டடத்தின் சுவருக்குள்ளேயே நடக்கிறார். எப்படிக் கட்டினார்கள் என்பது தோள் உரசும் தூரத்தில் தெரிகிறது.

முதலில் டிக்கெட், ஏனென்றால் அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பேராலயத்தின் தரைத்தளத்துக்குக் கட்டணம் இல்லை. குவிமாடம், மணிக்கூண்டு, ஞானஸ்நான மண்டபம், அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘புருனலெஸ்கி பாஸ்’ வாங்க வேண்டும். விலை 30 யூரோ அளவில், மாறக்கூடும். இதைவிடக் குறைந்த விலையில் ஜோட்டோ பாஸ், கிபெர்த்தி பாஸ் என்று இரண்டு உண்டு. அவற்றில் குவிமாடம் சேராது. மலிவு என்று அதை வாங்கிக்கொண்டு குவிமாட வாசலில் வாக்குவாதம் செய்கிறவர்களை எந்த நாளும் பார்க்கலாம். பாஸ் மூன்று நாள் செல்லும். ஆனால் குவிமாடத்துக்கு மட்டும் நாளும் நேரமும் குறித்தே வாங்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. கோடையில் அந்த நேரங்கள் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். ரயிலில் வந்து இறங்கும் அதே நாளில் நேரம் குறிக்காதீர்கள். இத்தாலிய ரயில் அரை மணி தாமதமானால் டிக்கெட் போனது போனதுதான். பேராலயத்தை நிர்வகிக்கும் ‘ஓப்பரா’ அமைப்பின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். இடைத்தரகர் தளங்கள் அதே டிக்கெட்டை ஏற்றிய விலைக்கு விற்கும்.

காலையின் முதல் நேரம் கிடைத்தால் அதையே எடுங்கள். உள்ளே காற்றோட்டம் குறைவு. ஜூலை மதியத்தில் செங்கல் சூடேறி மூச்சு முட்டும். நுழைவு வடக்குப் பக்கத்தில், போர்த்தா தெல்லா மாந்தொர்லா என்ற வாசலில். முன்வாசல் வரிசையில் போய் நிற்க வேண்டாம், அது தரைத்தளத்துக்கான வரிசை. பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். பைகளை வைக்கத் தனி இடம் உண்டு, முதலிலேயே அங்கே போய்விட்டு வாருங்கள். தோளும் முழங்காலும் மறைய வேண்டும். புடவை விதிக்குப் பொருந்தும், படிக்குப் பொருந்தாது: கடைசிப் பகுதியில் கொசுவம் காலைத் தடுக்கும். சுடிதார் நல்லது. தேய்ந்த கல்படி வழுக்கும் என்பதால் பிடிப்புள்ள செருப்போ ஷூவோ வேண்டும். மின்தூக்கி இல்லை, மேலே கழிப்பறை இல்லை. சில இடங்களில் ஒரு ஆள் அகலம்தான் வழி, பாதியில் திரும்புவது கடினம். இதய நோய், தலைசுற்றல், அடைந்த இடத்தைக் கண்டால் பயம் உள்ளவர்கள் கீழேயே இருப்பது நல்லது.

ஏறும் முன் இந்தக் குவிமாடத்தின் சிக்கல் என்ன என்று தெரிந்துகொண்டால் படிகள் லேசாகும். பேராலயத்தை அர்னால்ஃபோ தி காம்பியோ 1296இல் தொடங்கினார். 1418இல் எண்கோணக் கழுத்துவரை சுவர் எழும்பி நின்றது. மேலே ஏறக்குறைய 45 மீட்டர் அகலத்துக்கு வானம் திறந்து கிடந்தது. மூட வழி தெரியவில்லை. சாதாரணமாக வளைவு கட்டுவதென்றால் கீழே மரத்தில் சென்ட்ரிங் அடித்து, அதன்மேல் கல்லை அடுக்கி, காரை இறுகியதும் மரத்தைப் பிரிப்பார்கள். இங்கே வளைவு தொடங்குவதே தரையிலிருந்து 50 மீட்டருக்கு மேல். அத்தனை உயரத்துக்கும் அகலத்துக்கும் மரம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் தன் பாரத்திலேயே தொய்ந்துவிடும். பக்கத்தில் முட்டுச்சுவர் எழுப்பலாம் என்றால், ஏற்றுக்கொண்ட வரைவில் அதற்கு இடமில்லை. போட்டி அறிவித்தார்கள். சென்ட்ரிங் இல்லாமலே கட்டுகிறேன் என்று சொன்ன பொற்கொல்லர் ஃபிலிப்போ புருனலெஸ்கிக்கு வேலை கிடைத்தது. கூடவே அவருடைய போட்டியாளரான சிற்பி கிபெர்த்தியையும் பொறுப்பில் வைத்தார்கள். 1420இல் தொடங்கி 1436இல் குவிமாடத்தை மூடினார்கள்.

463 படிகளில் முதல் பகுதி தடித்த தூணுக்குள் சுழன்று ஏறும் ஏணிப்படி. பார்க்க ஒன்றுமில்லை, மூச்சை மிச்சம் பிடியுங்கள். பிறகு திடீரென்று குவிமாடத்தின் உள்விளிம்பில் ஒரு நடைபாதைக்கு வந்து சேர்வீர்கள். தலைக்கு மேலே ‘இறுதித் தீர்ப்பு’ சுவரோவியம், ஏறத்தாழ 3,600 சதுர மீட்டர். ஓவியர் வசாரி 1572இல் தொடங்கி இரண்டே ஆண்டில் இறந்தார். ஃபெதெரிகோ சுக்கரி 1579இல் முடித்தார். தரையில் நின்று பார்த்தால் சொர்க்கமும் தேவதூதர்களும்தான் கண்ணில் படும். நடைபாதையிலோ நரகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கொம்பும் வாலும் உள்ள பூதங்கள் பாவிகளைக் குத்துவதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தால், தீட்டல் எவ்வளவு அவசரமானது, உருவங்கள் எவ்வளவு பெரியவை என்பது புரியும். பெரிய ஓவியம் என்று நான் சொல்லமாட்டேன். புருனலெஸ்கியின் வளைவை மறைத்துவிட்டது என்ற பழைய குற்றச்சாட்டில் நியாயம் உண்டு.

இதற்கு மேலேதான் விஷயம். வழி இரண்டு ஓடுகளுக்கு நடுவே நுழைகிறது. குவிமாடம் ஒன்றல்ல, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. உள் ஓடு ஏறத்தாழ இரண்டு மீட்டர் தடிமன், பாரத்தைத் தாங்குவது அது. வெளி ஓடு மெல்லியது. மழையைத் தடுக்கும், தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு உயரத்தைக் கூட்டிக் காட்டும். இரண்டையும் எட்டு மூலை விலாக்களும் இடையே 16 சிறு விலாக்களும் கட்டிப் பிடிக்கின்றன. நடுவில் விட்ட சந்தில்தான் அன்று கொத்தனார்கள் ஏறினார்கள், இன்று நாம் ஏறுகிறோம். சுவர் உள்பக்கம் சாய்ந்திருப்பதால் தலையைக் குனிந்து, ஒரு பக்கமாகச் சரிந்து நடக்க வேண்டியிருக்கும்.

வெளிச்சம் படும் இடத்தில் நின்று செங்கல் வரிசையைப் பாருங்கள். படுக்கையாகப் போகும் வரிசையை ஒவ்வொரு சில கல்லுக்கும் நெட்டாக நிற்கும் ஒரு கல் வெட்டும். அடுத்த வரிசையில் அந்த நெட்டுக்கல் ஒரு கல் தள்ளி வரும். இப்படி மேலே போகப் போக மீன்முள் போலச் சாய்ந்த கோடு உண்டாகும். காரணம் எளிது. மேலே போகப் போகக் கல் வைக்கும் தளம் உள்நோக்கிச் சாய்கிறது, உச்சிக்கு அருகே 60 பாகை வரை. பச்சைக் காரையில் வைத்த கல் சறுக்கி விழத்தான் பார்க்கும். நெட்டுக்கற்கள் ஏற்கெனவே இறுகிவிட்ட கீழ் வரிசைகளில் ஊன்றி நிற்கின்றன. இடையில் உள்ள கற்கள் அவற்றுக்கிடையே ஆப்பு வைத்ததுபோல இறுகுகின்றன. சுற்று முழுவதும் முடிந்ததும் அந்த வளையம் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும், அதன்மேல் அடுத்தது. சென்ட்ரிங் செய்ய வேண்டிய வேலையைச் செங்கல்லே செய்துவிட்டது.

அடிப்பகுதி வெளியே பிதுங்காமல் இருக்க, மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதுபோல உள்ளே கல் சங்கிலிகளைச் சுற்றினார்கள்: நீளமான மணற்கற்களை இரும்புப் பிடிகளால் கோத்த வளையங்கள். மரத்தாலும் ஒரு வளையம் உண்டு. இத்தனைக்கும் விரிசல் விழாமல் இல்லை. நூற்றாண்டுகளாக இருக்கும் அந்த விரிசல்களை இன்று கருவிகள் அளந்துகொண்டிருக்கின்றன. பொருள்களை மேலே ஏற்றப் புருனலெஸ்கி செய்த பொறி தனிக் கதை. மாடு செக்கிழுப்பதுபோல ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். பல்சக்கரத்தை மாற்றிப் பொருத்தினால் பாரம் ஏறும் அல்லது இறங்கும். மாட்டை அவிழ்த்துத் திருப்பிக் கட்டும் நேரம் மிச்சம்.

கடைசிப் படிகள் உள் ஓட்டின் முதுகின்மேல் நேராக ஏறுகின்றன, ஏணி மாதிரிச் செங்குத்தாக. அவசரப்படாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே வந்தால் வெண்பளிங்குக் கூண்டின் அடியில் வட்டமான நடைபாதை, சுற்றிலும் நகரம். இந்தக் கூண்டின் வேலை முடிவதைப் பார்க்காமலே 1446இல் புருனலெஸ்கி இறந்தார். அவருடைய கல்லறை பேராலயத்துக்கு அடியில், பழைய சாந்தா ரெப்பராத்தா தேவாலயத்தின் இடிபாடுகளில் இருக்கிறது.

மேலே நின்று எடுக்கும் படத்தில் ஒரு குறை: குவிமாடம் அதில் இருக்காது. அதற்காகத்தான் மணிக்கூண்டு. 414 படி, 85 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1334இல் ஜோட்டோ தொடங்கினார், 1359இல் தலெந்தி முடித்தார். இடையிடையே தளங்கள் இருப்பதால் உட்கார்ந்து போகலாம். குவிமாடம் பயமுறுத்தும் என்றால் இது மட்டும் போதும். கம்பிவலை உண்டு, ஃபோனின் லென்ஸை வலைக்கண்ணோடு ஒட்டி வையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் ஏறினால் 877 படி. பாஸ் மூன்று நாள் செல்லும்போது முட்டியை ஏன் வதைக்க வேண்டும்?

தரைத்தளம் ஞாயிறன்று சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்காது. உள்ளே வெறுமையாக இருக்கும், பலர் ஏமாந்து வெளியே வருவார்கள். இரண்டு மூன்று விஷயங்களைத் தேடிப் பார்த்தால் போதும். வாசலுக்கு உள்பக்கம் மேலே ஓவியர் உச்செல்லோ 1443இல் தீட்டிய கடிகாரம்: 24 மணி, முள் நம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓடும், நாள் சூரியன் மறையும்போது முடியும். இடப்பக்கச் சுவரில் கவிஞர் தாந்தே நிற்கும் 1465ஆம் ஆண்டு ஓவியத்தில் அப்போது புதிதாக இருந்த குவிமாடத்தைக் காணலாம். ஜூன் மாதம் போனால், உச்சித் துளை வழியே வரும் வெயில் தரையில் குறித்த வட்டத்தில் விழுவதைக் காட்டும் நாட்கள் உண்டா என்று விசாரியுங்கள். டோஸ்கனெல்லி 1475 வாக்கில் அமைத்த சூரியமானி அது. வெளியே பச்சை, வெள்ளை, ரோஜா நிறத்தில் மின்னும் முகப்பைப் பழையது என்று நினைத்துவிட வேண்டாம், 1887இல் முடிந்தது.

ஞானஸ்நான மண்டபத்தின் கூரை மொசைக்கில் 2023இல் தொடங்கிய சீரமைப்பு பல ஆண்டு நீளும் வேலை; போகும் காலத்தில் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துக்கொண்டு எதிர்பார்ப்பை வையுங்கள். கிழக்குக் கதவின் முன் கூட்டம் படம் எடுப்பது நகலை. கிபெர்த்தி 1425 முதல் 1452 வரை செய்த அசல் ‘சொர்க்க வாசல்’ பேராலயத்துக்குப் பின்னால் இருக்கும் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் நிற்கிறது. 1966 வெள்ளத்தில் அதன் சில பலகைகள் பெயர்ந்து விழுந்தன. சீராக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பாஸ் வாங்கியும் இந்த அருங்காட்சியகத்தைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம். தொனாத்தெல்லோ மரத்தில் செதுக்கிய மக்தலேனா சிலை, மிக்கேலாஞ்சலோ தன் கையாலேயே உடைத்த பியத்தா (இறந்த இயேசுவைத் தாங்கும் சிலை), குவிமாடத்தின் பழைய மர மாதிரிகள், புருனலெஸ்கியின் முகத்தில் எடுத்த அச்சு எல்லாம் இங்கேதான். மாதத்தின் முதல் செவ்வாய் விடுமுறை.

இறங்கியதும் பசிக்கும். ஃபிளாரன்ஸ் இருக்கும் தோஸ்கானா வட்டாரத்தின் ரொட்டியில் உப்பு இருக்காது, கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். சைவம் என்றால் பாப்பா அல் பொமொதோரோ (தக்காளியும் ரொட்டியும்) நல்லது, ஆனால் கறிச் சாறு சேர்த்தார்களா என்று கேளுங்கள். தெருவண்டியில் விற்கும் லம்ப்ரெதொத்தோ மாட்டின் இரைப்பை.

சாப்பிட்டுவிட்டுப் பேராலயத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். தென்பக்கச் சுவருக்கு எதிரே உள்ள கட்டடத்தில் புருனலெஸ்கியின் சிலை மடியில் வரைபடத்தோடு அண்ணாந்து குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் நடந்தால் தரைக்கற்களுக்கு நடுவே பெயரோ எழுத்தோ இல்லாத வட்டமான வெண்பளிங்கு ஒன்று. வெரொக்கியோ 1471இல் உச்சியில் ஏற்றிய பொன்முலாம் பூசிய செம்புக் கோளத்தை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்னல் அடித்துத் தள்ளியபோது அது வந்து விழுந்த இடம்.