பெருஞ்சுவரில் மாட் டேமனுக்கு என்ன வேலை?

போன ஞாயிறு மதியம் அம்மா தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சண்டைப் படம் என்றால் உயிர். சரி என்று 'தி கிரேட் வால்' போட்டேன். படம் வந்த புதிதிலேயே ஒரு நண்பனோடு தியேட்டரில் பார்த்ததுதான். அவன் அன்றைக்குப் பெயர் போடும் முன்பே கோபத்தில் இருந்தான்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. 2016 ஜூலையில் முன்னோட்டம் வந்த உடனேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. சீனப் பெருஞ்சுவர், சீனப் படை, சீன இயக்குநர் ஜாங் யிமோ. போஸ்டரின் நடுவில் ஹாலிவுட் நடிகர் மாட் டேமன்! உலகத்தைக் காப்பாற்ற வெள்ளைக்காரனால்தான் முடியும் என்ற கதையை இன்னும் எத்தனை நாள் சொல்வீர்கள் என்கிற மாதிரி நடிகை கான்ஸ்டன்ஸ் வூ பொரிந்து தள்ளினார். இது சீனருக்கு எழுதிய வேடமே இல்லை, ஐந்து முக்கிய வீரர்களில் டேமன் ஒருவர், மற்ற நால்வரும் சீனர்கள்தான் என்று ஜாங் யிமோ பதில் சொன்னார். என் நண்பன் அதை நம்பவில்லை. படம் முழுக்க உச்சுக் கொட்டிக்கொண்டே இருந்தான்.

அம்மாவுக்கு இந்தப் பஞ்சாயத்து எதுவும் தெரியாது. நீலக் கவசம் போட்ட பெண்கள் இடுப்பில் கயிற்றோடு சுவரிலிருந்து தலைகீழாகப் பாய்கிறார்கள். கீழே மொய்க்கும் மிருகங்களை ஈட்டியால் குத்திவிட்டு மேலே வருகிறார்கள். சில கயிறுகள் ஆளில்லாமல் வருகின்றன. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்றார். அப்புறம் டேமன் வந்தார். வீசிய கிண்ணத்தை அம்பாலேயே தூணோடு தைத்துக் காட்டினார்.

"இவன் யாருடா?"

"வெடிமருந்து திருட வந்தவன்மா."

"திருட வந்தவனா? அப்ப அவனையே எதுக்குக் காட்டிட்டு இருக்காங்க?"

தியேட்டரில் எனக்குத் தோன்றாத கேள்வி. இரண்டாம் முறை பார்க்கும்போது டேமனை நடுவில் வைப்பதற்காகப் போட்ட ஒட்டுகள் பளிச்சென்று தெரிந்தன. தளபதி லின் மே ஆங்கிலம் பேச வேண்டும். ஏன் பேசுகிறாள்? 25 வருடமாக அங்கேயே சிக்கிக் கிடப்பவராக வரும் நடிகர் வில்லெம் டஃபோ சொல்லிக்கொடுத்தாராம். டேமனோடு பேச ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக இன்னொரு வெள்ளைக்காரரையும் இழுத்து வந்திருக்கிறார்கள். (டேமன் பேசுவது எந்த ஊர் உச்சரிப்பு என்று இரண்டு தடவை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.)

கடைசியில் மிருகங்களின் ராணியை ஈட்டி எறிந்து கொல்வது லின் மேதான். லின் மேவாக நடித்த ஜிங் டியான் அந்த இடத்தில் நன்றாகவே நிற்கிறார். டேமன் உதவி செய்கிறார், அவ்வளவுதான். போஸ்டரை மட்டும் பார்த்துக் கோபப்பட்டவர்களுக்கு இது தெரிந்திருக்காது. ஆனால் தியேட்டரை விட்டு வெளியே வரும்போது நண்பன் சொன்னான்: "கடைசி அடிய மட்டும் அவகிட்ட குடுத்துட்டா ஆச்சா? ரெண்டு மணி நேரம் யார் கண்ணு வழியா பார்த்தோம்?" அதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை.

வசூல்தான் இதில் பெரிய வேடிக்கை. சுமார் 15 கோடி டாலர் செலவு. சீனாவில் 17 கோடி டாலர் அளவுக்கு வந்தது. டேமனை நம்பிப் போன அமெரிக்காவில் சுமார் நாலரைக் கோடிதான். கோபப்பட்டவர்களும் போகவில்லை, கோபப்படாதவர்களும் போகவில்லை.

படம் முடிந்ததும் அம்மா ரிமோட்டை என் கையில் கொடுத்தார்.

"அந்த நீலச் சட்டைப் பொண்ணுங்க மட்டும் வர்ற படம் இருந்தா போடு."

தேடிக்கொண்டிருக்கிறேன்.