யுவிகாவுக்கு விண்ணப்பித்த கதை: எட்டாம் வகுப்பு மார்க்குக்காக இரண்டு நடை

இஸ்ரோ கோடையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்தும் யுவிகா பயிற்சிக்கு என் மகள் தேர்வாகிவிட்டாள். பட்டியலில் பெயரைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பதிவு, மின்னஞ்சல் உறுதி, ஆன்லைன் வினாடி வினா எல்லாம் ஒரே மாலையில் முடிந்தன. வினாடி வினா முடித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் விண்ணப்பத்தை நிரப்ப முடியும், அவ்வளவுதான். எல்லாரும் அந்த வினாடி வினாவை நினைத்தே பயப்படுகிறார்கள். பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்கு 10 சதவீதம்தான். எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 சதவீதம். நான் மாட்டியது அங்கேதான்.

மகள் எட்டாவது வரை படித்தது எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில். ரேங்க் கார்டைப் பள்ளியிலேயே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கையில் இருந்தது டி.சி. மட்டும். இப்போது வேறு ஊரில் இருக்கிறோம். கடையில் லீவு சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனால், தலைமை ஆசிரியை பயிற்சிக்குப் போயிருந்தார். இருந்த ஆசிரியர், "எட்டாவதுக்கு ஏதும்மா மார்க் ஷீட்? டி.சி.யில பாஸ்னு இருக்கே, அது போதும்" என்றார். போதாது. பாட வாரியாக மதிப்பெண் வேண்டும். ஒரு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.

போன் செய்து கேட்டுவிட்டு, புதன்கிழமை மறுபடி போனேன். தலைமை ஆசிரியை தானே பீரோவைத் திறந்து மதிப்பெண் பதிவேட்டை எடுத்தார். ஸ்கேலை வரிசைக்குக் கீழே வைத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பாடமாக வாசித்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்து நிமிட வேலை!

அடுத்தது இப்போதைய பள்ளியின் சான்று. 2025-இல் கடைசி நாள் மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. நமக்குக் கடைசி நாள் வெள்ளிதான், இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் என்றால் பொதுத்தேர்வு வேறு. தலைமை ஆசிரியர் வேறு மையத்தில் தேர்வுப் பணியில் இருந்தார். "சீல் பீரோவுக்குள்ள இருக்கு, சாவி சார்கிட்ட. திங்கட்கிழமை வாங்கம்மா" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். திங்கட்கிழமை வந்து என்ன செய்ய? நகரவில்லை, வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு மேல் சார் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே படித்துக் கையெழுத்திட்டார். சீல் பாதிதான் விழுந்தது. தயங்காமல், "சார், இன்னொரு தடவை" என்று கேட்டேன். நீங்களும் கேளுங்கள், ஸ்கேனில் பாதி சீல் தெரியவே தெரியாது.

பள்ளி ஊராட்சிப் பகுதியில் இருந்தால் 15 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். அதைச் சான்றில் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் அறிவியல் கண்காட்சியில் பிள்ளை கலந்துகொண்டிருந்தால், பள்ளி அளவில் என்றாலும் அந்தச் சான்றிதழைச் சேருங்கள். 'இதெல்லாம் எதற்கு' என்று நான் முதலில் ஒதுக்கி வைத்திருந்தேன்.

பட்டியல் வந்ததும் மகள் முதலில் போன் செய்தது பழைய பள்ளித் தலைமை ஆசிரியைக்கு. மே 18 அன்று இஸ்ரோ மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பிள்ளைக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தை அவர்களே தந்துவிடுகிறார்கள், ஆனால் அசல் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் கவர் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.